பழைய வெப்பப்படக் கமராவும் அதன் மின்கலவடுக்கும்

தமிழிலே ‘பழுது பார்த்தல்’ என்னும் தொடர் பொருட்செறிவு உடையது. பழுதை முதலிற் பார்த்தல் வேண்டும். நீக்குதல் அதன் பின்னரே நிகழ்வது. ‘புதுக்குதல்’ என்பது அதனினும் ஒருபடி மேலானது. சிதைந்த கோயிலைப் புதுக்குவதுபோலப் பழம்பொருளை அதன் தொழிலுக்கு மீளவும் உரியதாக்குதலே அது. இவ்விரு சொற்களின் பொருளையும் இக்காலக் கருவியொன்றின் வாயிலாக மாணவர்க்கு விளக்க முற்படுகின்றோம்.

1800ஆம் ஆண்டிலே வில்லியம் ஹேர்ஷல் என்னும் அறிஞர், ஞாயிற்றொளியை முப்பட்டகத்தாற் பிரித்தபோது, செந்நிறத்துக்கு அப்பால் கண்ணுக்குப் புலனாகாத இடத்திலும் வெப்பமானி உயர்வு காட்டுதலைக் கண்டார். அதுவே செங்கீழ்க் கதிர். எல்லாப் பொருளும் தத்தம் வெப்பநிலைக்கு ஏற்ப இக்கதிரை வீசுகின்றன. இதனைப் படமாக்கிக் காட்டுவதே வெப்பப்படக் கமரா. தேயிலைத் தொழிற்சாலையிலே மோட்டரின் தாங்கி சூடேறுவதையும், மின்பலகையிலே தளர்ந்த இணைப்பு கனல்வதையும், இருளிலே மனிதர் நிற்பதையும் அது காட்டவல்லது.

அதன் எல்லையையும் அறிதல் வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயன்கள் மண்சரிவிற் புதைந்த துயரை ஊவா மக்கள் மறவார். இத்தகைய கருவி அங்கிருந்திருப்பின் மண்ணுக்குள் இருந்தோரைக் காட்டியிருக்கும் என்பது தவறு. அது மேற்பரப்பின் வெப்பத்தையே அறியும், மண்ணை ஊடுருவாது. சரிவின்மேல் இரவிலே தவித்து நிற்போரைக் கண்டறிதற்கு அது துணையாகும். அடர்ந்த மூடுபனியிலே அப்பார்வையும் குறுகும். ஆயினும், வேண்டிய வேளையிலே பற்றரி உயிரற்றுக் கிடப்பின் அத்துணையும் இல்லையாகும்.

புதிய கருவியின் விலை மிகுதி. ஆதலின் பலர் பழையதை நாடுகின்றனர். அது பலகால் பற்றரி இன்றியே வந்து சேர்கின்றது. தனியாக அனுப்பப்படும் இலிதியம்-அயன் பற்றரிகளைப் பயணிகள் விமானத்திலே சரக்காக ஏற்றுதல் 2016 ஏப்பிரல் 1 முதல் தடுக்கப்பட்டுள்ளது. சரக்கு விமானத்திலும் நூற்றுக்கு 30 பங்குக்கு மேல் மின்னேற்றம் இருத்தலாகாது. தீ விபத்தின் அச்சமே இதற்குக் காரணம். அவ்வச்சம் பட்டறைக்கும் உரியது.

இனிப் புதுக்கும் முறையைக் கூறுவோம்.

முதலாவது, பார்த்தல். வீங்கியது, நசுங்கியது, கசிந்தது, இனிய மணம் வீசுவது ஆகிய கலத்தை உடனே விலக்குக.

இரண்டாவது, அளத்தல். இலிதியம்-அயன் கலமொன்றின் இயல்பான அழுத்தம் ஏறக்குறைய 3.6 வோல்ற், நிறைந்த நிலையில் பெரும்பாலும் 4.2 வோல்ற். நெடுநாள் 2.5 வோல்ற்றுக்குக் கீழ்க் கிடந்த கலத்திலே, உள்ளிருக்கும் செம்பு கரைந்து வேறிடத்திற் படியக்கூடும். அதனை மீண்டும் மின்னேற்றினால் அகத்தே குறுஞ்சுற்று உண்டாகித் தீப்பற்றலாம். ஆதலின் இறந்த கலத்தை எழுப்ப முயலற்க.

மூன்றாவது, மாற்றுதல். ஓரடுக்கின் கலங்கள் யாவும் ஒரே வகையும் ஒரே வயதும் உடையனவாதல் வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றின், நலிந்தது முந்தித் தீர்ந்து மற்றவற்றையும் கெடுக்கும். கலத்தின்மேல் நேரே ஈயம் பற்றவைத்தல் கூடாது; நிக்கல் நாடாவைப் புள்ளி ஒட்டுமுறையால் இணைத்தல் வேண்டும். காப்புச் சுற்றுப் பலகையையும் வெப்ப உணரியையும் அகற்றுதல் பெருங்குற்றம். இவ்வேலை பயிற்சி பெற்ற தொழில்வல்லாருக்கே உரியது. மாணவர் அருகிருந்து கற்பாராக.

நான்காவது, மின்னேற்றல். நிக்கல் பற்றரிக்கு உரிய மின்னேற்றி இலிதியத்துக்கு ஆகாது. செருகி பொருந்துதல் மட்டும் போதாது. அழுத்தமும் நேர்முனை எதிர்முனைகளும் ஒத்தல் வேண்டும்.

ஐந்தாவது, கணக்கிடல். 7.2 வோல்ற், 2.6 அம்பியர்-மணி உடைய பற்றரி ஏறக்குறைய 18.7 வாற்று-மணி ஆற்றலைத் தரும். கருவி 5 வாற்று உண்ணுமாயின் மூன்றே முக்கால் மணி நேரம் உழைத்தல் வேண்டும். இரண்டு மணியில் அணையுமாயின் கலங்கள் முதுமை எய்தின எனக் கொள்க.

துணைப்பொருள்களிலும் கருத்து வேண்டும். கமராவின் வில்லை பெரும்பாலும் ஜேர்மானியத்தால் ஆயது. அதன் முன் கண்ணாடித் தகட்டைப் பொருத்தினால் படம் மறையும். கண்ணாடி அக்கதிரைத் தடுக்கும். மெல்லிய பொலித்தீன் தாளோ பெரும்பகுதியை விடும். ஆதலின் மழையிலே கண்ணாடி மூடியினும் மெல்லிய பொலித்தீன் உறை ஏற்றது. வில்லையின் மேற்பூச்சைச் சேலைத்தலைப்பாற் துடைத்துக் கீறுதலும் தவிர்க்கத்தக்கது.

இறுதியாக, கருவி மெய் சொல்கின்றதா எனச் சோதிக்க. உருகும் பனிக்கட்டி 0 பாகை காட்டல் வேண்டும். கொதிநீரோ பண்டாரவளையில் 100 பாகை காட்டாது. ஏறக்குறைய 1,200 மீற்றர் உயரத்திலுள்ள நம்மூரிலே நீர் 96 பாகையளவிலே கொதிக்கும். இதனை அறியாதார் நல்ல கருவியைப் பழுதென்பர். பளபளக்கும் அலுமினியப் பாத்திரத்தை நோக்கினும் பொய்யளவே வரும். அதன்மேற் கறுப்பு மின்னொட்டு நாடாவை ஒட்டி, அவ்விடத்தை நோக்குக.

விலக்கிய கலத்தைக் குப்பையிலும் அடுப்பிலும் எறியாது, முனைகளை நாடாவால் மூடி, உரிமம் பெற்ற மின்கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைத்தல் கடன். பயன்படுத்தாது வைக்கும் பற்றரியை அரைப்பங்கு மின்னேற்றத்துடன் குளிர்ந்த இடத்தில் வைத்து, மூன்று திங்களுக்கு ஒருமுறை அளந்து, நாளையும் அளவையும் அதன்மேற் குறித்தல் நன்று. பழைய மாணவருள் மின்தொழில் வல்லார் பலர் உளர். அவர்கள் ஆண்டுக்கு ஒருநாள் கல்லூரிக்கு வந்து இவ்வளத்தலையும் குறித்தலையும் இளையோருக்குக் கைப்பழக்கமாக்குவராயின், மலைநாட்டின் அடுத்த மழைக்காலத்துக்கு அதுவே நற்கொடையாகும்.