சாவுலே சதுப்பு நிலம்: மேசையில் ஒரு பால்டிக் சிலுவைப்போர்

பால்டிக் சிலுவைப்போருக்குப் பொம்மைப் படை சேர்க்கக் கிளம்புகிறவர்கள் முதலில் வாங்குவது வெள்ளை அங்கி போர்த்திய குதிரை வீரர்களைத்தான். வாங்கலாம், ஒரு பெட்டி போதும். 1242-இல் பெய்புஸ் ஏரிப் போரில் இறந்த சபைச் சகோதரர்கள் (துறவு பூண்ட போர்வீரர்கள்) 20 பேர், பிடிபட்டவர்கள் 6 பேர் என்கிறது ஜெர்மன் தரப்பின் ‘லிவோனியச் செய்யுள் வரலாறு’. 1260-இல் துர்பே போரில் 150 சகோதரர்கள் மடிந்தபோது பிரஷ்யா முழுக்கக் கலகம் மூண்டது. அவ்வளவு சிறிய கூட்டம் அது. களத்தை நிரப்பியவர்கள் லீவ்கள், லட்காலியர்கள், எஸ்தோனியர்கள் போன்ற உள்ளூர்க்காரர்கள், ரீகா நகரத்து ஆட்கள், ஒரு பருவம் மட்டும் சண்டையிட்டுவிட்டு ஊர் திரும்பும் ஜெர்மானியப் பயணிகள். இவர்களுக்குள் ஒத்துப்போகவே போகாது. அந்தப் பிணக்கை மேசைமேல் கொண்டுவந்தால்தான் இந்த ஆட்டம் மற்ற இடைக்கால ஆட்டங்களிலிருந்து வேறுபடும்.

முதலில் ஒரு போரைத் தேர்ந்துகொள்ளுங்கள். ‘பால்டிக் சிலுவைப்போர்’ என்று பொதுவாகக் கிளம்பினால் 1201-இல் ரீகா நகரம் எழுந்ததிலிருந்து 1410-இல் கிருன்வால்ட் போர் வரை 200 ஆண்டுக் கவசங்களும் ஒரே அலமாரியில் வந்து குவியும். கிருன்வால்ட் வீரனின் தகட்டுக் கவசம் 1236-இல் கிடையாது. என் பரிந்துரை 1236 செப்டம்பர் 22, சாவுலே. வாள் சகோதரர் சபையின் தலைவர் வோல்க்வின், புதிதாக வந்திறங்கிய ஜெர்மானியப் பயணிகளின் வற்புறுத்தலால் லித்துவேனியர் நிலத்துக்குள் கொள்ளைப் படையெடுப்பு நடத்துகிறார். பிஸ்கோவ் நகரம் அனுப்பிய 200 பேரும் கூட வருகிறார்கள். திரும்பும் வழியில் ஆற்றுத்துறையில் எதிரி நிற்கிறான். சுற்றிலும் சதுப்பு. உடனே இறங்கி அடிக்கலாம் என்கிறார் வோல்க்வின். குதிரையை இழந்து காலாளாக நிற்க மாட்டோம் என்று பயணிகள் மறுக்கிறார்கள். மறுநாள் காலை லித்துவேனியர் கூட்டமாக வந்துவிடுகிறார்கள். வோல்க்வினும் சுமார் 48 சகோதரர்களும் மாண்டார்கள். தப்பியோடியவர்களை வழியில் செமிகல்லியர்கள் என்ற பால்டிக் இனத்தார் தீர்த்துக்கட்டினார்கள். இடம் எது என்பதில் இன்னும் சண்டை உண்டு. லித்துவேனியாவின் ஷவ்லேய் என்பார் ஒரு சாரார், லாட்வியாவின் வெட்ஸவுலே என்பார் மறுசாரார். மேசைக்கு அது பிரச்சினை இல்லை. ஆறும் சேறும் இருந்தால் போதும்.

அடுத்து அளவு. 28 மி.மீ. உருவங்களையும் டேனியல் மெர்ஸியின் ‘லயன் ராம்பன்ட்’ விதிகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பக்கத்துக்கு 24 புள்ளி. பெரும்பாலான காலாள் குழுக்களுக்கு 12 உருவம், குதிரைக் குழுவுக்கு 6. ஐம்பது உருவங்களுக்குள் ஒரு படை முடிந்துவிடும். பெரும்போராகப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் 15 மி.மீ. அளவில் ‘டிபிஏ’ விதிகளுக்குப் போகலாம். அங்கே ஒரு படைக்கு 12 தட்டுகள்தான். ஆனால் தனியாளின் பிடிவாதம் அதில் தெரியாது, சாவுலேயின் கதையோ பிடிவாதத்தின் கதை.

ஃபயர்ஃபோர்ஜ் நிறுவனத்தின் டியூட்டானிக் வீரர் பிளாஸ்டிக் பெட்டியில் 12 குதிரை வீரர்கள் வருவார்கள். அதை இரண்டாகப் பிரியுங்கள். ஆறு பேர் சகோதரர்கள். மற்ற ஆறு பேர் பயணிகள். ஆளுக்கொரு நிறம், ஆளுக்கொரு கேடயச் சின்னம். மேசையின் மறுகோடியிலிருந்து பார்த்தாலே எந்தக் கூட்டம் சொல்பேச்சு கேட்கும், எது கேட்காது என்று தெரிய வேண்டும். கொம்பும் கையும் முளைத்த வாளித் தலைக்கவசங்களைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். அவை 1938-இல் ஐசன்ஸ்டைன் எடுத்த ‘அலெக்சாண்டர் நெவ்ஸ்கி’ படம் நம் தலையில் ஏற்றியவை. இந்தக் காலத்துக்கு உச்சி தட்டையான மூடு தலைக்கவசமும், விளிம்பு வைத்த இரும்புத் தொப்பியும் சரி. இவர்களோடு குறுக்குவில் காலாட்கள் ஒரு குழு, ஈட்டிக்காரர்கள் ஒரு குழு, உள்ளூர் வீரர்கள் ஒன்றோ இரண்டோ குழுக்கள்.

லித்துவேனியர் பக்கத்தில்தான் பலரும் கோட்டை விடுவார்கள். வெற்று மார்பும் கரடித்தோலுமாகக் காட்டுமிராண்டிகளை வரிசையாக நிறுத்திவிடுவார்கள். பால்டிக் நாட்டுப் புதைகுழிகளில் கிடைப்பது வேறு கதை: நெய்த கம்பளி உடை, ஏராளமான வெண்கல அணிகலன், நல்ல ஈட்டிமுனைகள். பிரபுக்கள் வளையக் கவசமும் கூம்புத் தலைக்கவசமும் போட்டிருப்பார்கள். கிரிப்பிங் பீஸ்ட் நிறுவனத்தின் ‘டார்க் ஏஜ் வாரியர்ஸ்’ பெட்டி காலாட்களுக்கு ஒத்துவரும். கையில் ஒன்றிரண்டு எறியீட்டி கொடுங்கள். குதிரைகளைக் கொஞ்சம் சிறியதாகத் தேர்ந்தெடுங்கள். இவர்களின் குதிரை குட்டை, ஆனால் சேற்றில் சளைக்காதது.

வண்ணத்துக்கு வருவோம். கம்பளிக்குச் சாம்பல், பழுப்பு, மங்கிய நீலம் போதும். எல்லாம் உலர்ந்த பிறகு தோளில், அங்கி சேரும் இடத்தில், பித்தளை வண்ணத்தில் ஒரே ஒரு புள்ளி வையுங்கள். பால்டிக் மனிதன் அணிந்த வளைய ஊசி அதுதான். இரண்டு நிமிட வேலை, குழுவின் முகமே மாறிவிடும்.

வெள்ளை அங்கிதான் பொறுமையைச் சோதிக்கும். நேராக வெள்ளை அடித்தால் சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி இருக்கும். சாம்பல் பிரைமர்மேல் முதலில் எலும்பு நிறம் கலந்த வெளிர்சாம்பலை அங்கி முழுக்கப் பூசுங்கள். மடிப்புகளின் பள்ளத்தில் நீர்த்த பழுப்பை ஓடவிடுங்கள். உலர்ந்ததும் மேடான இடங்களில் மட்டும், தண்ணீர் கலந்து, இரண்டு மூன்று மெல்லிய பூச்சாக வெள்ளை. கீழ் விளிம்பில் கொஞ்சம் சேற்று நிறம் ஒற்றி எடுத்தால் இவர்கள் சதுப்பில் இறங்கியவர்கள் என்று ஆகிவிடும். 1236-இல் இவர்களின் அடையாளம் கறுப்புச் சிலுவை அல்ல. சிவப்புச் சிலுவை, அதற்குக் கீழே சிவப்பு வாள். வாளை முதலில் ஒரு மெல்லிய நேர்க்கோடாக இழுத்து, குறுக்குப்பிடி வைத்து, பிறகு மேலே சிலுவையைப் போடுங்கள். கூரான நுனியுள்ள 0 எண் தூரிகை போதும். 000-இல் வண்ணம் நுனியிலேயே காய்ந்துவிடும். கடைசியில் மேட் வார்னிஷ். ஈரப்பதம் மிகுந்த நாளில் ஸ்ப்ரே அடித்தால் வெண்படலம் பூத்துவிடும். மழைக்காலத்தில் தூரிகையாலேயே பூசிக்கொள்ளுங்கள்.

கேடயங்களை மட்டும் ஒட்டாதீர்கள். சிறு காந்தத்திலோ, ஒட்டு மாவிலோ பொருத்திவையுங்கள். காரணம் கடைசியில் வரும்.

படைக்குச் செலவழித்த கவனத்தில் பாதியையாவது நிலத்துக்குக் கொடுங்கள். சதுப்பு செய்ய 3 மி.மீ. எம்டிஎஃப் பலகையை ஒழுங்கற்ற வட்டமாக வெட்டி, ஓரத்தைச் சரிவாக உரசிவிடுங்கள். மணலும் ஃபெவிகாலும் குழைத்து அங்கங்கே திட்டு எழுப்புங்கள். பள்ளங்களைச் சமமாக விடுங்கள். கரும்பழுப்பு அடித்து, திட்டுகளில் மங்கிய பச்சை ஒற்றி, பள்ளங்களில் பளபளப்பு வார்னிஷை மெல்லியதாக, ஒவ்வொன்றும் உலர்ந்த பிறகு, நாலைந்து தடவை ஊற்றுங்கள். ஒரே தடவையில் தடிமனாக ஊற்றினால் உள்ளே வெள்ளையாகத் தங்கிவிடும். நாணலுக்குத் தென்னை நார் மிதியடியிலிருந்து கொத்துக் கொத்தாக வெட்டி ஓரங்களில் நடலாம். நடுவில் நடாதீர்கள், உருவங்களை வைக்க இடமிருக்காது. பிர்ச் மரங்களைத் தனித் தட்டுகளில் செய்து, எடுத்து மாற்றும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

பலர் இந்த இடத்தில் பனிக்கட்டி உடையும் விதி ஒன்றைச் சேர்க்க ஆசைப்படுவார்கள். செப்டம்பர் போருக்கு அது பொருந்தாது. பெய்புஸுக்கும் அவ்வளவாகப் பொருந்தாது. அங்கே பனி உடைந்து வீரர்கள் மூழ்கிய காட்சி ஐசன்ஸ்டைனால் புகழ்பெற்றது, அக்காலப் போர்க் குறிப்புகளில் இல்லை.

மேசை 6 அடிக்கு 4 அடி. குறுகிய பக்கம் ஒன்றுக்கு அருகே ஆறு, அதில் ஒரே ஒரு துறை. மீதி நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு சதுப்பு. சிலுவைப் படை நடுவில் தொடங்கட்டும், கொள்ளையடித்த மாடுகளும் வண்டியும் கூடவே. துறையை லித்துவேனியரின் ஒரு குழு மறித்து நிற்கிறது. மற்றவை மூன்றாம் சுற்றிலிருந்து பின்பக்கக் காட்டிலிருந்து வரும்.

‘லயன் ராம்பன்ட்’ விதிப்படி ஒரு குழு கட்டளையில் தவறினால் உங்கள் சுற்றே முடிந்துவிடும். இதன்மேல் ஒரே ஒரு விதியைச் சேர்த்தால் சாவுலே வந்துவிடும். பயணிகள் குழு சதுப்புக்குள் நுழையவேண்டுமானால் முதலில் ஒரு பகடை உருட்டுங்கள். 1 முதல் 4 வரை விழுந்தால் மறுத்துவிடுவார்கள், அந்தச் சுற்றில் அசைய மாட்டார்கள். முடிந்தால் பயணிகளை மூன்றாவது ஆளிடமே கொடுத்துவிடுங்கள். தன் குதிரைகளைக் காப்பாற்றினால் மட்டுமே அவருக்குப் புள்ளி என்று ரகசியமாகச் சொல்லிவிட்டால் பகடைகூட வேண்டியிருக்காது.

வெற்றிக்கு வோல்க்வின் உயிரோடு இருக்கவேண்டும் என்று வைக்காதீர்கள். துறையைக் கடந்த ஒவ்வொரு குழுவுக்கும் 2 புள்ளி, மாட்டுக்கு 1. கடந்த குழுவிலும் ஒவ்வோர் உருவத்துக்கும் பகடை போடுங்கள். 1 அல்லது 2 விழுந்தால் அந்த ஆள் செமிகல்லியர் கையில் போய்ச் சேர்ந்தான். மாட்டை விட்டுவிட்டு ஓடுவதா, இழுத்துக்கொண்டு சாவதா என்ற கேள்வி ஐந்தாம் சுற்றுக்குள் வந்தே தீரும்.

இனி அந்தக் கேடயங்கள். சாவுலே முடிந்த மறு ஆண்டே, 1237-இல், வாள் சகோதரர்களில் எஞ்சியவர்களை டியூட்டானிக் சபையோடு இணைத்துவிட்டார்கள். வெள்ளையில் கறுப்புச் சிலுவை தீட்டிய கேடயங்களை ஆறு பேருக்கும் மாட்டினால் அதே உருவங்களோடு 1260-இன் துர்பே தயார். அங்கிச் சின்னத்தில் உறுத்தல் இருந்தால் அங்கிகளை வெறுமையாகவே விட்டு, கேடயத்தில் மட்டும் சின்னம் வைத்துக்கொள்ளலாம். துர்பேயில் பயணிகளின் இடத்தில் கூர்லாந்துக்காரர்களை நிறுத்துங்கள். லித்துவேனியரிடமிருந்து மீட்கப்படும் தங்கள் ஆட்களை விடுவிக்கச் சபை மறுத்ததால் அவர்கள் அன்று தங்கள் கூட்டாளிகளையே பின்னாலிருந்து தாக்கினார்கள் என்று சொல்லப்படுகிறது. எந்தச் சுற்றில் கட்சி மாறுவார்கள் என்பதை ஒரு சீட்டில் எழுதி மடித்து, லித்துவேனியர் பக்க ஆட்டக்காரரிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.