பொன்னியின் செல்வன் வாசிக்கும்போது அகராதியை எப்போது திறப்பது?

அடையாற்றிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கல்லூரியில் படிக்கும் மகள் படம் பார்த்த ஆர்வத்தில் ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்தைக் கையில் எடுத்திருக்கிறாள். பக்கத்துக்கு இரண்டு முறை போனை எடுத்து ஏதோ ஒரு சொல்லைத் தேடுகிறாள். தேடப் போனவள் அங்கேயே தங்கிவிடுகிறாள். புத்தகம் பாதியில் கிடக்கிறது. “தேடாமல் படி என்று சொல்லவா? தேடச் சொல்வதென்றால் எங்கே தேடச் சொல்வது?”

தேடத்தான் வேண்டும், அம்மா. தெரியாத சொல்லைத் தாண்டித் தாண்டிப் படிக்கப் பழகிவிட்டால் கதை மட்டும்தான் மிஞ்சும். கதைதான் வேண்டுமென்றால் படமே போதும். ஆனால் பத்துச் சொல்லைத் தேடிப் பத்திலும் நுனிப்புல் மேய்வதைவிட, ஒன்றைப் பிடித்து அதன் வேர்வரை போவது மேல். அதற்குச் சில பழக்கங்கள் உண்டு.

முதல் பழக்கம், அத்தியாயம் முடியும்வரை எதையும் தேடாதது. இந்த நாவல் 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை ‘கல்கி’ இதழில் வாராவாரம் வந்தது. ஒரே மூச்சில் படித்து முடிக்கத் தோதாகவே அத்தியாயங்கள் அமைந்திருக்கின்றன. பென்சில் ஒன்று போதும். புரியாத இடத்தில் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு மேலே போகச் சொல்லுங்கள். அத்தியாயம் முடிந்து திரும்பிப் பார்த்தால் பல புள்ளிகளுக்கு வேலையே இருக்காது, ஏனென்றால் நாவலாசிரியர் கல்கி வாசகரைத் தவிக்க விடுகிறவர் அல்ல. வேளக்காரப் படை என்றால் யார், அவர்கள் எடுத்துக்கொள்ளும் சபதம் என்ன என்பதையெல்லாம் கதையின் போக்கிலேயே சொல்லிவிடுகிறார். போனில் தேடினால் அதே விளக்கத்தோடு நாலு பாகம் தள்ளி வரப்போகும் முடிச்சும் சேர்ந்து அவிழ்ந்துவிடும். குறிப்பாக, பாத்திரங்களின் பெயரைத் தேடுவதை ஐந்தாம் பாகம் முடியும்வரை தள்ளிப் போடுவது நல்லது.

எஞ்சி நிற்கும் சொல்லை அகராதியில் தேடுமுன் அச்சுப் பிழையா என்று பாருங்கள். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானவை. எத்தனையோ பதிப்பகங்கள் போட்டிருக்கின்றன, எல்லோரும் ஒரே கவனத்தோடு மெய்ப்புப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. ஒரு சொல் எந்த அகராதியிலும் அகப்படவில்லை என்றால் மதுரைத் திட்டத்தின் இலவச மின்பதிப்பில் அதே வரியை எடுத்து ஒப்பிடலாம். ஒரு கால் விட்டுப்போனதாலோ, ரகரம் றகரமானதாலோ வந்த குழப்பமாக இருக்கும்.

தெரியாத சொல்லைவிட, தெரிந்ததுபோல் இருக்கிற சொல்லில்தான் அதிகம் கவனம் வேண்டும். நாவல் ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. அந்த ஏரிக்கு எழுபத்து நான்கு கணவாய்கள் என்கிறார் கல்கி. இன்றைக்குக் கணவாய் என்றால் நமக்குக் கைபரும் பாலக்காடும்தான் நினைவுக்கு வரும். தெரிந்த சொல் என்று நினைப்பதால் யாரும் புள்ளி வைப்பதில்லை, மனதுக்குள் ஒரு மலை எழும்பி ஏரிக்கரையை மறைத்துவிடுகிறது. வாக்கியத்தைத் திரும்பப் படித்தால் தண்ணீர் பாய்ந்து வெளியேறும் வழி அது, நாம் மதகு என்கிறோமே அதுதான் என்று விளங்கும். பொருள் பொருந்தாமல் லேசாக இடறுகிற இடத்தில்தான் பென்சில் முதலில் நிற்க வேண்டும். (அந்த ஏரிதான் வீராணம். 2004 முதல் குழாய் வழியே சென்னைக்கு வந்துகொண்டிருக்கும் தண்ணீர் அங்கிருந்துதான். உங்கள் மகளுக்கு இதைச் சொல்லுங்கள்.)

எந்த அகராதி? சொல்லின் வயதைப் பார்த்து அகராதியை எடுக்க வேண்டும். இன்றைய வழக்குக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதிக்கு இணை கிடையாது. 1992-இல் முதல் பதிப்பு, 2020-இல் மூன்றாம் பதிப்பு. வீட்டில் ஒன்று இருக்க வேண்டும். ஆனால் பத்தாம் நூற்றாண்டைப் பேச வைக்கக் கல்கி எடுத்தாண்ட சொற்கள் பல அதன் எல்லைக்கு வெளியே. அவற்றுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1924-இலிருந்து 1936-க்குள் ஆறு தொகுதிகள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள், பெரும்பகுதிக்கு எஸ். வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியர். விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதிகள் தளத்தில் முழுவதும் இலவசமாகத் தேடலாம். அதே தளத்தில் வின்ஸ்லோ, ஃபப்ரீஷியஸ் அகராதிகளும் இருக்கின்றன.

லெக்சிகனில் சொல் கிடைக்கவில்லை என்று பலரும் பாதியில் விட்டுவிடுவது, சொல்லை உரிக்காமல் அப்படியே தட்டுவதால்தான். ‘இயம்பினான்’ இருக்காது, ‘இயம்பு’ இருக்கும். ‘ராஜ’ என்று தொடங்குவது கிடைக்காவிட்டால் ‘இராச’ என்றும் போட்டுப் பார்க்க வேண்டும். புணர்ச்சியைப் பிரிக்கத் தெரிந்தால் பாதி அகராதி கைக்கு வந்த மாதிரி. செம்பியன் மாதேவியார் பேச்சு வரும் இடங்களில் கற்றளி என்றொரு சொல் வரும். ‘கற்’ என்பதைக் கல்வியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாமல் கல், தளி என்று பிரித்தால் போதும். தளி என்றால் கோயில். செங்கல்லால் இருந்த கோயில்களை அந்த அம்மையார் கருங்கல்லால் எடுத்துக் கட்டியது வரலாறு. அந்தப் பெரும்பணி முழுவதும் இந்த நாலெழுத்துச் சொல்லுக்குள் இருக்கிறது.

நாழிகை, சாமம், காதம் மூன்றையும் அட்டையின் உள்பக்கத்தில் ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால் ஐந்து பாகத்துக்கும் போதும். நாழிகை 24 நிமிடம். ஏழரை நாழிகை ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம். காதம் ஏறக்குறையப் பத்து மைல், இடத்துக்கு இடம் மாறும். புராணக் குறிப்புகளுக்கு ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி (1910) இருக்கிறது.

இனி வரலாறு. இங்கேதான் பொறுமை வேண்டும், இங்கேதான் பலனும் அதிகம். இணையத்தில் தேடினால் நாவலும் வரலாறும் ஒரே குழம்பாக வந்து விழும். நந்தினியின் பிறப்பு, ஆழ்வார்க்கடியானின் ஊர் என்று கல்கி கற்பனையில் படைத்தவற்றுக்கெல்லாம் ஆண்டு போட்டு எழுதியிருப்பார்கள். நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் மூவரும் கற்பனை. குந்தவை, செம்பியன் மாதேவி, அநிருத்தர் உண்மையானவர்கள். வந்தியத்தேவரும் உண்மைதான்: தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையாரை அவருடைய தேவியார் என்று குறிக்கிறது. அவரைப் பற்றிய கல்வெட்டுச் செய்தி சொற்பம். குதிரையும் குறும்பும் காதலும் கல்கி கொடுத்தவை. எந்தத் தளம் நந்தினியை வரலாற்றுப் பெண்ணாகச் சொல்கிறதோ அதை அப்போதே மூடிவிடலாம்.

ஒரு சொல்லை வேர்வரை துரத்தினால் எங்கே கொண்டு விடும் என்பதை ஒரே உதாரணத்தில் காட்டுகிறேன். கதையின் முக்கியமான சாவு இதில் வருகிறது. அது தெரியாதவர்கள் அடுத்த நான்கு பத்திகளைத் தாண்டிப் போகலாம்.

சோழ நாட்டின் முதல் மந்திரி அநிருத்தப் பிரம்மராயர். பிரம்மராயர் என்பதற்கு உங்கள் மகள் புள்ளி வைத்திருக்கிறாள் என்று கொள்வோம். அது பெயரல்ல, பட்டம். அரசப் பணியில் இருந்த அந்தணர்களுக்குச் சோழ மன்னர்கள் கொடுத்தது. கல்வெட்டுகளில் பிரமராயன், பிரமாதிராயன் என்றெல்லாம் வரும். லால்குடி பக்கத்து அன்பிலில் கிடைத்த செப்பேடு, சுந்தர சோழர் தம் அமைச்சர் அநிருத்தருக்கு நிலம் கொடுத்ததைச் சொல்கிறது. கல்கியின் மந்திரி பிறந்தது அந்தச் செப்பேட்டில். பெரும்பாலோர் இங்கே நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாமல், இதே பட்டம் வேறெங்கே வருகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

காட்டுமன்னார்கோயிலில், உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில் சுவரில் வருகிறது. நாவல் தொடங்கிய அதே வீராணம் ஏரி வட்டாரம். பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று அந்தக் கல்வெட்டு சொல்கிற உடன்பிறந்தோரில் ஒருவன் சோமன். ஒருவன் ரவிதாசன் என்கிற பஞ்சவன் பிரமாதிராயன். மற்றொருவன் பரமேசுவரன் என்கிற இருமுடிச்சோழ பிரமாதிராயன். பஞ்சவன் என்றால் பாண்டியன். இருமுடிச்சோழன் என்பது சோழப் பெயர். ஒரே குடும்பத்தில் ஒருவன் பாண்டியன் பெயரிலும் இன்னொருவன் சோழன் பெயரிலும் பட்டம் தரித்த அதிகாரிகள்! நாவலில் சுடுகாட்டிலும் பாழடைந்த மண்டபத்திலும் சதி செய்கிற மந்திரவாதி ரவிதாசனுக்குக் கல்வெட்டில் இருப்பது, முதல் மந்திரி அநிருத்தருக்கு இருக்கும் அதே பட்டம். இதை அறிந்தபின் இருவரும் வருகிற பக்கங்களைத் திரும்பப் படித்தால் வேறொரு நாவல் தெரியும்.

அந்தக் கல்வெட்டின் தன்மையையும் கவனிக்க வேண்டும். அது கொலையைப் பதிவு செய்ய வெட்டப்பட்டதே அல்ல. துரோகிகளிடமிருந்தும் அவர்கள் உறவினரிடமிருந்தும் எடுத்த நிலங்கள் ஊர்ச் சபையால் விற்கப்பட்டதையும், வாங்கியவர் அவற்றை அறத்துக்கு விட்டதையும் சொல்லும் நிலப் பத்திரம். நிலம் எப்படிக் கைமாறியது என்று காட்டுவதற்காக மட்டுமே கொலை அதில் வருகிறது. அதனால்தான் எப்படிக் கொன்றார்கள், எதற்காக, யார் தூண்டினார்கள் என்று ஒரு சொல்லும் அங்கே இல்லை. கல்கிக்கு ஐந்து பாகம் எழுத இடம் கிடைத்தது அந்த மௌனத்தில்தான்.

தேதியும் இப்படித்தான். ராஜராஜன் என்ற பெயர் கல்வெட்டில் கிடையாது. ராஜகேசரி, யாண்டு இரண்டு, அவ்வளவே. சோழர்கள் ராஜகேசரி, பரகேசரி என்று மாறி மாறிப் பட்டம் வைத்துக்கொண்டவர்கள். கரிகாலன் இறந்தபின் அரியணை ஏறிய உத்தம சோழர் பரகேசரி. ஆகவே அடுத்த ராஜகேசரி 985-இல் பட்டத்துக்கு வந்த ராஜராஜன் என்று ஆய்வாளர்கள் கொண்டார்கள். உத்தம சோழர் ஆண்ட பதினைந்தாண்டு வாக்கில் குற்றவாளிகள் மேல் ஏன் கை வைக்கப்படவில்லை? கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழரைச் சந்தேகித்தார். தி.வை. சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். இருவர் நூல்களையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். இருவரும் பார்த்தது ஒரே கல்லைத்தான். ஆகவே குறிப்பு நோட்டில் மூன்று பத்தி போடச் சொல்லுங்கள்: கல்வெட்டில் இருப்பது, ஆய்வாளர் ஊகித்தது, கல்கி புனைந்தது. ரவிதாசன் என்ற ஒரு பெயரை மட்டும் இந்த மூன்று பத்தியிலும் நிரப்பிப் பார்க்கட்டும். வரலாற்று நாவலை வாசிக்கும் முறை கைவந்துவிடும். ஐந்தாம் பாகத்தின் முடிவுரையை அதற்கு முன் படிக்க வேண்டாம்.

கல்கிக்கு முந்தைய நாவல்களுக்கு வழி வேறு. ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ (1879), 1893 முதல் ‘விவேக சிந்தாமணி’யில் வந்த ‘கமலாம்பாள் சரித்திரம்’ போன்றவற்றை வாசிக்கும்போது இடறுவது பழந்தமிழல்ல. கச்சேரி, ஜமாபந்தி, சிரஸ்தார், வராகன் போன்ற அந்தக் காலத்து அன்றாடச் சொற்கள். அவற்றுக்கு 1862-இல் வந்த வின்ஸ்லோதான் கூடப் பிறந்த அகராதி. வருவாய்த் துறை, நீதிமன்றச் சொற்களுக்கு எச்.எச். வில்சனின் 1855-ஆம் ஆண்டுச் சொற்களஞ்சியமும் உண்டு. வீட்டுப் பேச்சுக்கு அகராதியைவிட மயிலாப்பூர் மாடவீதியில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி மேல்; பக்கத்தை வாசித்துக் காட்டிக் கேளுங்கள்.

அடையாற்றில் இருப்பவர்களுக்கு எல்லாமே பக்கம். கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. தமிழ்ப் பிரிவில் லெக்சிகன் தொகுதிகளையும் சோழர் வரலாற்று நூல்களையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை முழுக்க உட்காரலாம். பழைய பதிப்புகளையும் இதழ்களையும் தேடுபவர்கள் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போகலாம்; எதைத் தேடுகிறோம் என்று நூல் பெயர், ஆண்டு எழுதி எடுத்துக்கொண்டு போனால் அங்கே இருப்பவர்கள் நல்ல வழி காட்டுவார்கள். அன்றாடத் தேடலுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் வீட்டிலிருந்தபடியே திறக்கும். பெரியசாமித் தூரன் பதிப்பித்த கலைக்களஞ்சியமும் அதில் உண்டு.

நாவலை முடித்தபின் உடையார்குடிக்குப் போக விரும்பினால் சிதம்பரம் போய் அங்கிருந்து காட்டுமன்னார்கோயிலுக்குப் பஸ் பிடிக்க வேண்டும். கல்வெட்டின் பாடம் எபிகிராபியா இண்டிகாவின் 21-ஆம் தொகுதியில் அச்சாகியிருக்கிறது. அதைப் படியெடுத்துக் கையில் கொண்டு போவது அவசியம். அந்தக் காலத்துக் கல்வெட்டெழுத்தில் மெய்யின் மேல் புள்ளி பெரும்பாலும் இருக்காது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு இருக்காது. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. அச்சுப் பாடத்தில் ஒரு விரலும் சுவரில் ஒரு விரலுமாக வைத்துத்தான் எழுத்துக் கூட்ட முடியும். அதற்குக் கண்ணைப் பழக்க முதலில் திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயிலுக்குப் போங்கள்; அங்கே ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு உண்டு. காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் எழுத்தின் பள்ளம் நன்றாகத் தெரியும். சுண்ணாம்பு, மாவு எதையும் பூசாமல், தொடாமல் பாருங்கள். முதலில் ‘யாண்டு’ என்ற சொல்லை மட்டும் கண்டுபிடிக்கட்டும். அதற்கு முன்னால் அரசன் பெயரும் பின்னால் ஆண்டும் இருக்கும்.