பெனிசிலின் மருந்தும் நம் குடும்பமும்



தோட்டத்து வீடொன்றில் இருட்டும் நேரத்துப் பேச்சைக் கேளுங்கள்:

"ஏனுங்க, பெரியவனுக்குத் தொண்டை வலி. எச்சில்கூட முழுங்க மாட்டேங்கறான். காச்சலும் அடிக்குதுங்க."

"எனக்குக் கால்ல புண்ணு வந்தப்போ டாக்டர் குடுத்த மாத்திரை நாலு மிச்சம் இருக்குது அம்மிணி. பாதி ஒடைச்சுக் குடு, சரியாப் போயிரும்."

இதில் இரண்டு தவறுகள் உள்ளன. தகப்பனார் தம் மருந்தை முடிக்காமல் மிச்சம் வைத்தது ஒன்று. அதைப் பிள்ளைக்குக் கொடுக்கச் சொன்னது மற்றொன்று.

பெனிசிலின் என்ன செய்கிறது?

1928-ல் லண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங் ஒரு பூஞ்சணத்திலிருந்து இதைக் கண்டறிந்தார். நம் நாட்டில் புனே அருகே பிம்பிரியில் அமைந்த அரசுத் தொழிற்சாலை 1955-ல் இதைத் தயாரிக்கத் தொடங்கியது. ஆம்பிசிலின், அமாக்சிசிலின் ஆகியவையும் இதே குடும்பம்தான். பாக்டீரியாக் கிருமி தன்னைச் சுற்றி மதில் கட்டி வாழ்கிறது. பெனிசிலின் அந்த மதிலைக் கட்ட விடாது; கிருமி சிதைந்து போகும். சளி, ப்ளூ காய்ச்சல் தரும் வைரசுக்கு அப்படி மதில் கிடையாது. ஆகவே அவற்றுக்கு இம்மருந்து பயன்படாது.

பாதியில் ஏன் நிறுத்தக் கூடாது?

காய்ச்சல் இரண்டு நாளில் தணியலாம், கிருமி தணிந்ததாகாது. வரப்பில் கோரைக் கிழங்கை விட்டுவைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். குழந்தைகளுக்கு வரும் ஒருவகைத் தொண்டைப் புண்ணைச் சரியாகக் கவனிக்காவிட்டால், மூட்டு வீங்கி, இருதய வால்வே கெட்டுப்போகும் ருமாட்டிக் காய்ச்சல் வரக்கூடும். வந்தவர்களுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பல ஆண்டுகள் பெனிசிலின் ஊசி போட வேண்டியிருக்கும். அதைவிட, டாக்டர் சொன்ன நாள் வரை மருந்து கொடுப்பது எளிதல்லவா? குறைந்த அளவு மருந்தால் கிருமி பழகிப்போகும் என்று பிளெமிங்கே 1945-ல் எச்சரித்தார்.

ஊசிக்கு முன்னும் பின்னும்

சிலருக்கு இம்மருந்து ஒத்துக்கொள்ளாது. முன்பு ஒத்துக்கொண்டவருக்கும் பின்னால் ஒவ்வாமை வரலாம். ஆகவே:

1. முன்பு தடிப்பு, அரிப்பு, மூச்சுத் திணறல் வந்திருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். மருந்தின் பெயரை நோட்டில் எழுதி வையுங்கள்.
2. ஊசி போட்டதும் பஸ்ஸைப் பிடிக்க ஓடாதீர்கள். அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள்.
3. முகம் வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ, தலை சுற்றினாலோ உடனே சொல்லுங்கள். வீட்டில் நேர்ந்தால் 108-ஐ அழையுங்கள்.
4. மருந்துக் கடையில் சொல்லி வாங்கிச் சாப்பிடாதீர்கள். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு அவசியம் என்று பொருள்.
5. குழந்தைக்கான பொடி மருந்தில் கொதித்து ஆறிய நீரைக் கோடு வரை ஊற்றிக் குலுக்குங்கள். பாட்டிலில் குறித்த நாளுக்குப் பின் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

கர்ப்பிணிகளுக்கு

கர்ப்ப காலத்து இரத்தப் பரிசோதனையில் சிபிலிஸ் எனும் மேகநோய் தெரிந்தால் கூச்சப்பட வேண்டாம். பெனிசிலின் ஊசி தாயையும் வயிற்றுப் பிள்ளையையும் காக்கும். கணவரும் சேர்ந்து சிகிச்சை பெற்றால்தான் நோய் திரும்பி வராது.

மாட்டு மருந்து

மடிநோய்க்கும் பெனிசிலின் உண்டு. மாட்டு மருந்து மனிதருக்கு ஆகாது. சிகிச்சை பெறும் மாட்டின் பாலைக் கால்நடை டாக்டர் சொல்லும் நாள் வரை வீட்டிலும் குடிக்காதீர்கள், சொசைட்டிக்கும் ஊற்றாதீர்கள்.

அந்தத் தகப்பனார் செய்ய வேண்டியது இதுதான்: பெட்டியில் உள்ள நாலு மாத்திரையை மறந்துவிட்டு, விடிந்ததும் பையனை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போக வேண்டும்.

கேட்டு வாங்குவோம், முழுதாய் முடிப்போம், மிச்சம் வைக்க மாட்டோம்!