திரையில் கணினி நீரும் மெய்ந்நீரும்

திரைப்படத் தொழில் நம் வட்டாரத்திற்குப் புதியதன்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சென்னையை விட்டுக் காரைக்குடிக்கு வந்த ஏ.வி. மெய்யப்பன் இங்கேயே படப்பிடிப்புக் கூடம் அமைத்தார். 1947இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ அக்கூடத்தில் உருவானது. அக்காலத்தில் திரையில் வெள்ளத்தைக் காட்ட வேண்டுமெனில் உண்மையான ஆற்றுக்குச் செல்லவேண்டும். அன்றேல் தொட்டியில் நீர் நிரப்பிச் சிறு மாதிரிகளை மிதக்கவிட்டுப் படமெடுக்க வேண்டும். இன்று வெள்ளத்தைக் கணினி உண்டாக்குகிறது. அவ்வெள்ளத்தில் நனையும் மனிதரோ மெய்யானவர். இவ்விரண்டையும் பிரிவு தெரியாமல் எவ்வாறு ஒன்றாக்குகின்றனர் என்பதே ஈண்டு நாம் காணவிருப்பது. தமிழ்த்துறை மலரில் இப்பொருளுக்கு என்ன இடம் என வினவுவோர் சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறோம்.

முதற்கண், சிறு தொட்டியில் எடுத்த கடல் ஏன் கடலாகத் தோன்றுவதில்லை என்பதை அறிதல் நலம். 16 அடி உயர அலைக்கு மாற்றாக 1 அடி உயர அலையைச் செய்தால், அது நான்கு மடங்கு விரைவில் விழுந்துவிடும். ஆகவே நொடிக்கு 24 படங்கள் எடுக்க வேண்டிய இடத்தில் 96 படங்கள் எடுத்து, அவற்றை வழக்கமான வேகத்தில் ஓட்டினர். இயக்கம் சரியாயிற்று, துளி சரியாகவில்லை. நீரின் பரப்பு இழுவிசையே துளியின் பருமனை வரையறுக்கிறது. கப்பலைச் சிறிதாக்கலாம், துளியை அதற்கேற்பச் சிறிதாக்க இயலாது. கப்பலின்மேல் தேங்காயளவு துளிகள் தெறிக்கக் காணும் பார்வையாளர், காரணம் அறியாமலே, ‘இது பொம்மைக் கப்பல்’ என்று சொல்லிவிடுவார்.

கணினி இவ்விடர்ப்பாட்டை நீக்கிற்று. நீரோட்டத்தை விளக்கும் சமன்பாடுகளை நேவியர், ஸ்டோக்ஸ் என்னும் இருவர் 19ஆம் நூற்றாண்டிலேயே வகுத்தனர். முப்பரிமாணத்தில் அவற்றுக்கு எப்போதும் சீரான தீர்வு உண்டா என்ற வினா, 2000ஆம் ஆண்டில் கிளே கணித நிறுவனம் பத்து இலட்சம் டாலர் பரிசு அறிவித்த ஏழு வினாக்களுள் ஒன்று. கணிதர்க்குப் பிடிகொடாத சமன்பாட்டைத் திரைத்தொழிலாளர் நாள்தோறும் கையாளுகின்றனர் என்பது வியப்பே! அவர்களுக்கு வேண்டியது முழுத் தீர்வன்று, கண்ணுக்குப் போதிய அண்ணளவு. இடத்தைச் சிறுசிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் நீரின் அழுத்தத்தையும் விரைவையும் கணினி கணக்கிடுகிறது. 1989இல் வெளிவந்த ‘தி அபிஸ்’ படத்தில் கடல்நீரே பாம்புபோல் எழுந்து மனித முகம் காட்டும் காட்சி இத்துறையின் தொடக்ககால அருஞ்செயல்.

எனினும் நீரைச் செய்வதைவிட அதனை மனிதரோடு பொருத்துவதே கடினம். இதனை நாம் நன்கறிந்த ஓரிடத்தைக் கொண்டு விளக்கலாம். குன்றக்குடியில் வற்றிய ஊருணியொன்றின் படிகளில் ஒருவர் இறங்கி வருவதைப் படமெடுத்ததாகக் கொள்வோம். திரையில் ஊருணி நிரம்பியிருக்க வேண்டும். வருபவர் முழங்கால் நீரில் நிற்கவேண்டும்.

முதல் வேலை அளத்தல். படியின் உயரமும் அகலமும், ஒளிப்படக்கருவி நின்ற இடமும் நகர்ந்த வழியும் கணினிக்குத் தெரிந்தாலொழிய, நீர்மட்டம் படியில் ஒட்டாது வழுக்கும். அடுத்தது ஒளி. நீர் தன்முன் உள்ளதையெல்லாம் காட்டும் கண்ணாடி. கருவி படிகளை மட்டுமே பார்த்திருக்கும். நீரோ சட்டத்திற்கு வெளியே உயர்ந்து நிற்கும் சண்முகநாதர் குன்றையும் வானத்தையும் காட்டியாக வேண்டும். ஆகவே படப்பிடிப்பு நாளிலேயே பளபளப்பான உருண்டையொன்றை அங்கு வைத்துச் சுற்றுப்புறம் முழுவதையும் படமெடுத்துக்கொள்வர். நேர்கீழாக நோக்கினால் நீர்ப்பரப்பு ஒளியில் ஏறத்தாழ 2 விழுக்காட்டையே திருப்பி அனுப்பும். சாய்வாக நோக்க நோக்க அவ்வளவு மிகும். அதனால்தான் காலடியில் படிக்கல்லும், தொலைவில் குன்றின் நிழலும் தெரிகின்றன. இந்த மாற்றம் தவறினால் நீர் கண்ணாடித் தகடாகிவிடும்.

மூன்றாவதே மிக நுண்ணியது. இறங்குபவரின் கால்களைப் போன்ற உருவத்தைக் கணினியில் வார்த்து, அவர் அசைவோடு அதனையும் அசைப்பர். அது திரையில் தோன்றாது. ஆனால் கணினி நீர் அதன்மேல் மோதி விலகும். இவ்வளவு செய்தும் ஒரு குறை எஞ்சும்: உலர்ந்த இடத்தில் எடுத்தமையால் அவர் வேட்டி நனைந்திராது! நனைந்த துணி காலில் ஒட்டும் விதத்தைப் பின்னர்ச் சேர்ப்பது பெரும்பாடு. எனவே உடலைத் தொடுமிடத்தில் மெய்ந்நீரையே வைத்து, அப்பால் உள்ளதைக் கணினிக்கு விடுவது தேர்ந்தோர் வழக்கம்.

நீருள் நிற்கும் கால் ஒடிந்ததுபோல் தோன்றுவதற்குரிய ஒளிவிலகல் விதி, ஐரோப்பியரான ஸ்நெல்லின் பெயரால் வழங்குகிறது. அவருக்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன், 984ஆம் ஆண்டளவில், பாக்தாதில் வாழ்ந்த இப்னு சஹ்ல் அவ்விதியைப் பயன்படுத்தி வில்லைகளை ஆராய்ந்துள்ளார். அவருக்குப் பின் வந்த இப்னுல் ஹைதம், தம் ‘கிதாபுல் மனாஸிர்’ நூலில், காட்சி என்பது கண்ணில் விழும் ஒளி மட்டுமன்று, முன்பு கண்டவற்றோடு ஒப்பிட்டு உள்ளம் செய்யும் முடிவும் அதில் அடங்கும் என நிறுவினார். கணினி நீரின் வெற்றியும் தோல்வியும் இக்கருத்துள் அடங்கும் என்பது எம் துணிபு. ஊருணியில் குளித்து வளர்ந்தவரை ஏமாற்றுதல் எளிதன்று.

புதுச்சேரியைத் தொடக்கக் களமாகக் கொண்ட ‘லைஃப் ஆஃப் பை’ (2012) இதற்குத் தக்க சான்று. தைவான் நாட்டுத் தைச்சுங் நகரில், கைவிடப்பட்ட வானூர்தி நிலையத்தில் அலையெழுப்பும் பெருந்தொட்டியொன்றைக் கட்டினர். படகையும் சிறுவனையும் சூழ்ந்த நீர் பெரிதும் அத்தொட்டி நீரே. அதற்கப்பால் விரியும் பசிபிக் பெருங்கடல் கணினியின் படைப்பு. தொட்டியின் அலை எந்தத் தாளத்தில் எழுந்ததோ அதே தாளத்தில் கணினியின் அலையும் எழுந்து அதனோடு கலந்தாக வேண்டும். இப்பணியில் பெரும்பங்காற்றிய ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனத்திற்கு மும்பையிலும் ஐதராபாத்திலும் கிளைகள் இருந்தன. 2013 பிப்ரவரியில் இப்படத்தின் காட்சி விளைவுகளுக்கு ஆஸ்கார் விருது கிடைத்தது. அதே மாதத்தில், விருதுக்குச் சில நாள்கள் முன்னரே, அந்நிறுவனம் கடனில் மூழ்கித் திவால் மனு அளித்திருந்தது. இத்தொழிலை நாடும் மாணவர் இவ்விரு செய்திகளையும் சேர்த்தே அறிதல் வேண்டும்.

தமிழ்த்திரையில் ‘தசாவதாரம்’ (2008) சுனாமிப் பேரலையைக் காட்டிற்று. 2004 டிசம்பர் 26இல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டு நான்கு ஆண்டுகள்கூட நிறைவுறாத நேரம் அது. பொதுவாகவே திரைப்படங்களில் சுனாமி வளைந்து நிற்கும் நீர்மதிலாக வரும். கரையோர மக்கள் கண்டதோ பெரும்பாலும் அதுவன்று. கடல் பொங்கி நிலத்தின்மேல் வெள்ளமாய் ஓடி, சேறும் படகும் மரமும் சுமந்து வந்தது. கணினிக்கு நீர்மதில் எளிது. குப்பை சுமந்த கலங்கல் வெள்ளமே அரிது. அழகான பொய்யலையைக் கண்டு பழகியவர், கடல் உள்வாங்கும்போது மதில் எழட்டும் எனக் காத்து நிற்பாராயின் என்னாகும்? இவ்வகையில் இது கலைச்சிக்கல் மட்டுமன்று.

இனித் தமிழுக்கு வருவோம். இக்கலைஞர்கள் பொங்கும் நீரை ஒரே பொருளாகச் செய்வதில்லை. நீருடலை ஒன்றாகவும், தெறித்துப் பறப்பது, மேலே மிதப்பது, உள்ளிருந்து எழுவது, புகைபோல் பரவுவது எனப் பிறவற்றைத் தனித்தனியாகவும் செய்து பின் அடுக்குகின்றனர். திவலை, நுரை, குமிழி, தூவானம் என இவற்றுக்கு நம்மிடம் சொற்கள் முன்பே உள. இடர் வேறிடத்தில் உள்ளது. ‘சிமுலேஷன்’ என்பதற்கு ‘உருவகப்படுத்துதல்’ என்று எழுதி வருகின்றனர். அணியிலக்கணம் பயின்ற மாணவர்க்கு உருவகம் வேறு பொருள் தருமாதலின் அது மயக்கம் விளைவிக்கும். ‘பாவனையாக்கம்’ பொருந்தும் என நாம் கருதுகிறோம். அதனினும் சிறந்த சொல்லை மாணவர் காட்டினால் அதனையே ஏற்போம்.