கேட்டுப் பார்த்துப் பதிவேற்றுவோம்

சேரன்மகாதேவியில் நான் கற்பிக்கும் பத்தாம் வகுப்பில் பார்வைத்திறன் குறைபாடுடைய மாணவர் ஒருவர் படிக்கிறார். பிறர் வாசித்துக்காட்டக் காத்திராமல், நாம் இணையத்தில் ஏற்றும் பாடக்குறிப்பைத் தாமே படிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அதற்கான மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. தடை பெரும்பாலும் நாம் தயாரிக்கும் கோப்பில்தான் இருக்கிறது.

அரசு 2011 முதல் வழங்கிய மடிக்கணினிகளில் பாஸ் லினக்ஸ் இருந்ததை ஆசிரியர்கள் அறிவர். க்னோம் முகப்புடைய லினக்ஸ் கணினிகளில் ‘ஓர்கா’ என்னும் திரைவாசிப்பான் இயங்கும். விண்டோஸ் சின்னமுள்ள விசை, ஆல்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது பேசத் தொடங்கும். அதன் அமைப்புகளில் ‘ஈஸ்பீக்’ பேச்சுப்பொறியின் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுக்கலாம். குரல் இயந்திரத்தனமானதுதான், பழகிய காதுக்குப் புரியும்.

பக்கத்தில் எது தலைப்பு, எது இணைப்பு, எது பொத்தான் என்பதைப் பயர்பாக்ஸ் உலாவி ஓர்காவுக்குத் தெரிவிக்கிறது. எச் விசையால் தலைப்புகளையும், கே விசையால் இணைப்புகளையும் ஒவ்வொன்றாகத் தாவிக் கேட்கலாம். எனவே கோப்பை ஏற்றுமுன் நான்கைச் சரிபார்ப்போம்.

1. எழுத்துரு: பாமினியில் தட்டச்சிட்ட ‘அம்மா’ திரையில் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பவையோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் குறிகள். ஓர்காவுக்குக் கிடைப்பது அவைதாம். ஒருங்குறியிலேயே தட்டச்சிடுவோம், தமிழக அரசும் 2010இல் அதைத் தரமாக ஏற்றுள்ளது.

2. தலைப்பு: எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் அது கண்ணுக்கு மட்டுமே தலைப்பு. ‘தலைப்பு 1’, ‘தலைப்பு 2’ என்னும் பாணிகளைப் பயன்படுத்துவோம்.

3. படம்: அலைபேசியில் எடுத்த பாடப்பக்கம் ஓர்காவுக்கு வெறும் படம், உரையைத் தட்டச்சிட்டுத் தருவோம். வரைபடத்துக்கு, ‘தாமிரபரணி பொதிகை மலையில் தோன்றிப் புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது’ என்பதுபோல் மாற்று உரை எழுதுவோம்.

4. இணைப்பு: ‘இங்கே சொடுக்கவும்’ என்று பத்து இடத்தில் இருந்தால், கே விசை பத்து முறையும் அதையே சொல்லும். ‘இயல் 3 வினாக்கள்’ எனப் பெயரிடுவோம்.

செயல்பாடு: குறுவளமையக் கூட்டத்தில் ஒரு பாடக்குறிப்பைத் திறந்து, திரையை அணைத்து, சுட்டியைத் தொடாமல் மூன்றாவது வினாவைக் கண்டுபிடியுங்கள். நம்மால் முடியாவிட்டால், தேர்வுக்கு முந்தைய இரவில் அம்மாணவராலும் முடியாது.