புது ட்ரை-எக்ஸுக்கு எந்த நேரம்?

ஃபிலிமின் பெயர் அப்படியே இருக்க, உள்ளே பூச்சு மட்டும் மாறிவிட்டால், டார்க்ரூம் சுவரில் ஒட்டியிருக்கும் நேரப் பட்டியலை நம்பலாமா? இந்தக் கேள்விக்குக் கோடாக்கின் ட்ரை-எக்ஸ் 400-ஐவிட நல்ல பாடம் இல்லை. 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் புதிய பூச்சு ஆலைக்கு உற்பத்தி மாறியது. டிஎக்ஸ் என்றிருந்த குறியீடு 400டிஎக்ஸ் ஆனது, டெவலப் செய்யும் நேரங்களும் மாறின. நெகட்டிவின் ஓரத்தில், துளைகளை ஒட்டி ஓடும் எழுத்தைப் பார்த்தால் எது எதுவென்று தெரிந்துவிடும். பெட்டியைத் தூக்கிப் போட்டவர்களுக்கு அதுதான் சாட்சி.

பழைய நேரத்தையே தொடரலாம். அதை ஒரு விகிதத்தில் குறைக்கலாம். பலர் சேர்த்துவைத்த பட்டியல்களைப் புரட்டலாம். நிறுவனத்தின் புதிய தகவல் தாளில் தொடங்கி, சொந்தச் சோதனையில் திருத்திக்கொள்ளலாம். என் கட்சி கடைசி வழிதான். பார்வைக்குக் கெட்டிக்காரத்தனமாகத் தெரியும் விகிதக் கணக்கின்மேல்தான் எனக்கு அதிகச் சந்தேகம்.

காரணம் கோடாக்கின் எண்களிலேயே இருக்கிறது. 20 டிகிரி செல்சியஸில், தண்ணீர் கலக்காத டி-76 டெவலப்பரில் பழைய ஃபிலிமுக்கு 8 நிமிடம், புதியதற்கு 6¾. ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. அதே டி-76-ஐ ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்தால் பழையது 10, புதியது 9¾. குறைந்தது கால் நிமிடம்தான். எச்சி-110 டெவலப்பரின் 'பி' கலவையிலோ 7½ நிமிடம் 3¾ ஆகிவிட்டது, சரிபாதி! ஒரே ஃபிலிம், ஒரே மாற்றம், மூன்று வெவ்வேறு விகிதங்கள். டெவலப் நேரம் ஃபிலிமின் தனிச் சொத்து அல்ல. ஃபிலிம், டெவலப்பர், கலவை, வெப்பம், டேங்கைக் குலுக்கும் விதம் எல்லாம் சேர்ந்து தீர்மானிப்பது. டி-76-ல் கண்ட விகிதத்தை ரோடினாலுக்குப் போட்டுப் பார்ப்பது வெறும் யூகம். ரோடினால் போன்று கோடாக்கின் தாளில் இல்லாத டெவலப்பருக்கு மட்டும் பலர் சேர்த்த பட்டியலை எடுக்கலாம், அதுவும் தொடக்கப் புள்ளியாக. எழுதியவர் சுட்டது பழைய ஃபிலிமா புதியதா என்று அதில் பல நேரம் இருக்காது.

அப்படியானால் கோடாக் சொல்வது வேதவாக்கா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 3¾ நிமிடத்தைப் பல டார்க்ரூம்காரர்கள் ஏற்கவே இல்லை. ஐந்து நிமிடத்துக்குக் குறைந்தால் படம் சீராக டெவலப் ஆகாமல் போகலாம் என்று கோடாக்கே எச்சரிக்கிறது. டெவலப்பரை ஊற்றவும் வடிக்கவும் ஆகும் சில வினாடிகள்கூட அத்தனை குறுகிய நேரத்தில் பெரிய பங்கு. அதனால் எச்சி-110-ஐ இன்னும் நீர்க்கக் கலந்து நேரத்தை நீட்டுவது, அல்லது டி-76 ஒன்றுக்கு ஒன்று, இரண்டும் பாதுகாப்பான தேர்வுகள்.

ஸ்கேனில் எல்லாவற்றையும் சரிசெய்துகொள்ளலாமே என்பார்கள். அரை நிமிடப் பிழையை ஸ்கேனர் மன்னிக்கும். ஆனால் ஹைலைட் அடைத்துப்போன நெகட்டிவில் கிரேன் துருத்திக்கொண்டு நிற்கும்; என்லார்ஜரில் பிரிண்ட் போடுபவருக்கு அந்தத் தயவும் இல்லை. சோதனைக்கு ஃபிலிம் வீணாகும் என்ற கவலை வேண்டாம், ஒரு ரோல் போதும். வெயிலில் ஒரு வெள்ளை வேட்டி, பக்கத்தில் நிழலில் ஒரு கருப்புத் துணி. ரோல் முழுக்க ஒரே எக்ஸ்போஷர். இருட்டில் மூன்று துண்டாக வெட்டி, முதல் துண்டைத் தாளில் உள்ள நேரத்துக்கு டெவலப் செய்யுங்கள். உலர்ந்ததும் செய்தித்தாளின்மேல் வையுங்கள். வேட்டியின் கருத்த பகுதி வழியே எழுத்து சிரமப்பட்டாவது தெரிய வேண்டும். தெரியவே இல்லையென்றால் அடுத்த துண்டுக்கு நேரத்தைச் சுமார் 15 சதவீதம் குறையுங்கள். வேட்டி வெளிறிக் கிடந்தால் அதே அளவு கூட்டுங்கள். கருப்புத் துணியின் இழை காணாமல் போனால் நேரத்தைத் தொடாதீர்கள். அது எக்ஸ்போஷர் குறைந்ததன் அடையாளம்.

நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் 20 டிகிரியில் வருவதில்லை. 20-ல் 4 நிமிடம் என்றால் 23-ல் 3 நிமிடம் என்பது இல்ஃபோர்டு தரும் பொதுக் கணக்கு. அதன்படி டி-76-ன் 6¾ நிமிடம் ஐந்தின் விளிம்புக்கு வந்துவிடும்; ஒன்றுக்கு ஒன்று கலவையின் 9¾ ஏழேகால் அளவில் நிற்கும். ஐஸ் கட்டி கைவசம் இல்லாத கோடை நாளில் அதைத்தான் எடுக்கச் சொல்வேன்.