மூணாறு குளிரில் சுண்ணாம்பு நீரைத் தரம்பார்ப்போம்: முழுமையான வழிகாட்டி

எதை அளக்கிறோம்?

வெற்றிலைக்கு வாங்கும் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கித் தெளியவைத்தால் கிடைப்பது கால்சியம் ஹைட்ராக்சைடு கரைசல். அதில் எவ்வளவு காரம் இருக்கிறது என்பதை, செறிவு தெரிந்த அமிலத்தைச் சேர்த்துக் கண்டுபிடிப்பதே தரம்பார்த்தல்.

மூணாறில் இதற்குத் தனிச் சுவை உண்டு. சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும். சுண்ணாம்போ குளிரில்தான் கூடுதலாகக் கரையும். 0 டிகிரியில் லிட்டருக்கு ஏறக்குறைய 1.9 கிராம், 20 டிகிரியில் 1.7 கிராம். ஆகவே ஜனவரி விடியலில் வடிகட்டியதும் ஏப்ரல் மதியத்தில் வடிகட்டியதும் ஒரே விடையைத் தராது.

என்ன வேண்டும், எவ்வளவு ஆகும்?

50 மி.லி. பியூரெட், 20 மி.லி. பிப்பெட், ரப்பர் பல்பு, கூம்புக் குடுவை, நிறங்காட்டியாகப் பினாப்தலீன், 0.05 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம். சுண்ணாம்புக்குச் சில்லறை போதும். பியூரெட்டுக்குத்தான் சில நூறு ரூபாய் ஆகும். பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியரைக் கேட்டுச் செய்தால் அந்தச் செலவும் இல்லை. அமிலத்தையும் அவரே நீர்த்துத் தரட்டும்.

எப்படிச் செய்வது?

முதல் நாள் மாலையே காய்ச்சி வடித்த நீரைக் கொதிக்கவைத்து ஆறவிடுவோம். நம் ஊர் சுமார் 1,500 மீட்டர் உயரம் என்பதால் நீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கரைந்திருக்கும் கரியமில வாயுவை விரட்ட அதுவே போதும். லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி சுண்ணாம்பு போட்டு, பாட்டிலை இறுக மூடிக் குலுக்கி, இரவு முழுக்க வைப்போம். காலையில் அடியில் வெள்ளையாகத் தங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் சுண்ணாம்பு போதவில்லை.

வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு வடிகட்டுவோம். பியூரெட்டை அமிலத்தால் அலசி நிரப்பி, நுனியில் காற்றுக்குமிழ் இல்லாமல் பார்த்துக்கொள்வோம். குடுவையில் 20 மி.லி. சுண்ணாம்பு நீர், இரண்டு சொட்டு பினாப்தலீன். பளிச்சென்று இளஞ்சிவப்பு ஏறும்.

குடுவையைச் சுழற்றியபடி அமிலத்தை விடுவோம். அது விழுந்த இடத்தில் நிறம் வெளுத்து, உடனே திரும்பும். திரும்பத் தாமதமானால் முடிவு நெருங்கிவிட்டது; இனிச் சொட்டுச் சொட்டாகத்தான். நிறம் மறைந்து திரும்பாத சொட்டோடு நிறுத்துவோம். அளவு ஒத்துப்போகும்வரை மறுபடி செய்வோம்.

கணக்கு

18 மி.லி. அமிலம் செலவானது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மூலக்கூறு சுண்ணாம்புக்கு இரண்டு மூலக்கூறு அமிலம் தேவை: (0.05 × 18) ÷ (2 × 20) = 0.0225 மோலார். கால்சியம் ஹைட்ராக்சைடின் மூலக்கூறு எடையான 74-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு 1.67 கிராம்.

கவனம்

பிளஸ் டூ செய்முறையில் பழகிய ஆக்சாலிக் அமிலம் இங்கே ஆகாது. கால்சியம் ஆக்சலேட் வெள்ளையாக வீழ்படிந்து கரைசல் கலங்கிவிடும்.

பிப்பெட்டை வாயால் உறிஞ்சவே வேண்டாம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

வடிகட்டிய நீரைத் திறந்து வைத்தால் காற்றின் கரியமில வாயு பட்டு மேலே வெள்ளை ஆடை படரும், செறிவும் குறையும். வடிகட்டிய கையோடு தரம்பார்த்துவிடுவோம்.